கேஜன் உருளைக்கிழங்கு சூப்: சட்டியின் அடியிலிருந்து

கேஜன் உருளைக்கிழங்கு சூப் என்று தேடினால் கிடைக்கும் செய்முறைகளில் முக்கால்வாசி ஒரே மாதிரிதான் இருக்கும். கிழங்கை வேகவை, பால் ஊற்று, க்ரீம் ஊற்று, சீஸ் துருவிப் போடு, கடைசியில் கடையில் வாங்கிய கேஜன் மசாலாவை ஒரு கரண்டி தூவு. சாப்பிட நன்றாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்த மசாலா டப்பாவை எடுத்துவிட்டால் அது அமெரிக்காவில் எங்கும் கிடைக்கிற க்ரீம் சூப். கேஜன் சமையல் பிறந்த லூசியானா மாநிலத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

நான் இருப்பது அந்த மாநிலத்தின் தலைநகர் பேட்டன் ரூஜில். இங்கிருந்து மிசிசிப்பி ஆற்றைத் தாண்டி மேற்கே, அட்சஃபலாயா சதுப்புக் காட்டின் மேல் 29 கிலோமீட்டர் நீளத்துக்குப் போகும் பாலத்தில் ஏறி இறங்கினால், ஒரு மணி நேரத்தில் லஃபாயெட் வந்துவிடும். அதைச் சுற்றியுள்ள ஊர்கள்தான் கேஜன் சமையலின் தாய்வீடு. அந்த ஊர் வீடுகளில் உருளைக்கிழங்கை எப்படிச் சமைக்கிறார்களோ, அதே முறையில் தொடங்கி, தண்ணீரை மட்டும் கூட்டி சூப்பாக நீட்டினால் என்ன? அந்த முயற்சியின் பதிவு இது.

கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் முறை புரியாது. கேஜன்களின் முன்னோர் கனடாவின் கிழக்குக் கரையில், இன்றைய நோவா ஸ்கோஷியா பக்கம், அகேடியா என்ற பகுதியில் குடியிருந்த பிரெஞ்சுக்காரர்கள். 1755இல் ஆங்கிலேயர்கள் அவர்களை வீடு வாசல் நிலம் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு விரட்டினார்கள். அலைந்து திரிந்து ஒரு பகுதியினர் 1760களில் லூசியானா வந்து சேர்ந்தார்கள். 1785இல் பிரான்சிலிருந்து ஏழு கப்பல்களில் இன்னும் சுமார் 1,600 பேர் வந்தார்கள். ஆற்றோரத்திலும் சதுப்பிலும் புல்வெளியிலும் கிடைத்ததை வைத்துச் சமைத்த குடியானவர்களின் சமையல் இது. ஒரே சட்டி, நிதானமான தீ, எதையும் வீணாக்காத கை. நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கிரியோல் சமையல் இதற்கு அண்டை வீடுதான் என்றாலும், அங்கே தக்காளியும் வெண்ணெயும் தாராளம்.

இவர்களுக்கு முதல் உணவு அரிசிதான், உருளைக்கிழங்கு இல்லை. லஃபாயெட்டுக்கு மேற்கே க்ரௌலி பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் நெல் வயல். அறுவடை முடிந்ததும் பல வயல்களில் தண்ணீரைக் கட்டி, சிங்கி இறால் போலச் சிறிதாக இருக்கும் நன்னீர் க்ராஃபிஷை வளர்க்கிறார்கள். நம்மூர்க்காரர் யார் வந்தாலும் அந்தச் சாலையில் வண்டியை நிறுத்தச் சொல்வார்கள். ஆனாலும் கிழங்குக்கு ஓர் இடம் உண்டு. க்ராஃபிஷ் அவிக்கும் பெரிய அண்டாவில் சிவப்புத் தோல் கிழங்கும் சோளக்கதிரும் சேர்ந்து வேகும். சில வீடுகளில் கம்போ என்ற கெட்டிக் குழம்பின் நடுவே சோற்றுக்குப் பதிலாக ஒரு உருண்டை பொட்டேட்டோ சாலட் மிதக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘ஸ்மதர்ட் பொட்டேட்டோஸ்’ என்று ஒன்று. கனமான சட்டியில் சாசேஜை வறுத்து, அந்தக் கொழுப்பிலேயே வெங்காயத்தையும் கிழங்கையும் போட்டு, மூடி, கிளறி, அடியில் ஒட்டி ஒட்டிச் சிவக்கிறதைச் சுரண்டிச் சுரண்டி வேக வைப்பது. விருந்துக்கு வைக்கிற பண்டம் இல்லை. வார நாளில் வீட்டில் சாப்பிடுவது. என் சூப் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

முதலில் சட்டி. நான்-ஸ்டிக் இதற்கு ஆகவே ஆகாது. அடியில் ஒட்டினால்தான் இந்தச் சமையலே. இந்த ஊர்ப் பாட்டிமார் வீடுகளில் மாக்னலைட் என்ற வார்ப்பு அலுமினியச் சட்டி இருக்கும், தூக்கினால் கை வலிக்கும் கனம். யாரிடமிருந்து யாருக்குப் போக வேண்டும் என்று குடும்பத்தில் பேச்சு வரும் அளவுக்கு அதற்கு மதிப்பு. என்னிடம் இருப்பது எனாமல் பூசிய 5 லிட்டர் வார்ப்பிரும்புச் சட்டி. உள்பக்கம் வெளிர் நிறம் என்பதால் அடியில் என்ன நிறம் பிடிக்கிறது என்று தெரிகிறது, அது ஒரு வசதி. ஊரில் செய்பவர்கள் அடிகனமான பிரஷர் குக்கரை மூடியின் கேஸ்கெட்டும் விசிலும் இல்லாமல் சட்டியாகப் பயன்படுத்தலாம். மெல்லிய எவர்சில்வர் பாத்திரம் வேண்டாம், சிவப்பதற்குள் கருகிவிடும். கரண்டி மரத்தில், நுனி தட்டையாக இருக்க வேண்டும். வட்ட நுனிக் கரண்டியால் அடியை முழுதாகச் சுரண்ட முடியாது.

ஆறு பேருக்கான அளவு. 350 கிராம் ஆண்டூயி சாசேஜ். பெரிய வெங்காயம் இரண்டு, அதாவது 400 கிராம். செலரித் தண்டு மூன்று. பச்சைக் குடைமிளகாய் பெரிதாக ஒன்று. பூண்டு ஆறு பல். உருளைக்கிழங்கு 1.2 கிலோ, இரண்டு வகையில்; அதைப் பிறகு சொல்கிறேன். கோழி ஸ்டாக் (எலும்பு வேகவைத்த சாறு) 1.2 லிட்டர், உப்பில்லாதது. மைதா 40 கிராம், எண்ணெய் ஏறத்தாழ அதே அளவு. கெட்டி க்ரீம் 100 மில்லி, அதற்கு மேல் இல்லை. பிரிஞ்சி இலை இரண்டு, உலர்ந்த தைம் ஒரு தேக்கரண்டி, வெங்காயத்தாள் ஒரு கைப்பிடி.

ஆண்டூயி பற்றி ஒரு வார்த்தை. பிரான்சில் இந்தப் பெயரில் விற்பது குடலில் செய்தது, அதன் வாசனை எல்லாருக்கும் ஒத்துவராது. லூசியானா ஆண்டூயி அது இல்லை. பன்றியின் தோள்கறியைப் பெரிய துண்டுகளாக வெட்டி, பூண்டும் மிளகும் மிளகாயும் சேர்த்து அடைத்து, நன்றாகப் புகை காட்டியது. பேட்டன் ரூஜுக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் நடுவில், ஆற்றோரம், லாப்லாஸ் என்ற ஊர் இதற்குப் பேர்போனது. 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியக் குடியேறிகள் வந்து தங்கிய கரை அது. சாசேஜ் கைவண்ணம் அவர்களோடு வந்தது என்பார்கள். பன்றி சாப்பிடாதவர்களுக்கு வான்கோழியிலும் கோழியிலும் செய்த ஆண்டூயி இங்கே சாதாரண மளிகைக் கடையிலேயே கிடைக்கிறது. அதில் கொழுப்பு குறைவு. வறுக்கும்போது இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் கூடுதலாக ஊற்ற வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

சாசேஜை அரை சென்டிமீட்டர் தடிமனில் வட்டமாக நறுக்கி, நடுத்தரத் தீயில், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பினேன். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் வேலை. நாலு நிமிடம் தொடவே கூடாது. நமக்குக் கிளறிக்கொண்டே இருக்கும் பழக்கம்; அடிப்பிடித்துவிடுமோ என்ற பயம் கையில் ஊறியிருக்கிறது. இங்கே அந்தப் பயத்தை அடக்க வேண்டும். ஒரு பக்கம் நன்றாகச் சிவந்ததும் திருப்பி, இன்னும் நாலு நிமிடம். அதற்குள் சட்டியின் அடியில் செம்பழுப்பாக ஒரு படலம் பிடித்திருக்கும். இதே கட்டத்தில்தான் எங்கள் அடுக்குமாடியின் புகை அலாரமும் அலறத் தொடங்கியது. ஜன்னலைத் திறந்து, துண்டை எடுத்து விசிறி, ஒருவழியாக அடக்கினேன். புகை காட்டிய கறியை வறுக்கும்போது எக்ஸாஸ்ட் விசிறியை முன்பே போட்டுவிடுவது உத்தமம்.

சாசேஜை எடுத்து ஒரு தட்டில் வைத்துவிட்டு, கொழுப்பை ஒரு கிண்ணத்தில் வடித்தேன். சட்டியில் கால் கப் தண்ணீர் ஊற்றி, மரக்கரண்டியால் அடியைச் சுரண்டினேன். படலம் முழுதும் கரைந்து தண்ணீர் காப்பி நிறமாகும். அதைக் கொட்டாமல், மூடாமல், அப்படியே வற்ற விட்டால் மறுபடியும் அடியில் ஒட்டி இன்னும் கருஞ்சிவப்பாகும். மறுபடி கொஞ்சம் தண்ணீர், மறுபடி சுரண்டல். இந்த ஊர்ச் சமையலில் குழம்பின் நிறமும் ஆழமும் பெரும்பாலும் இந்த வேலையிலிருந்துதான் வருகின்றன. கறியின் புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து உண்டாக்குகிற சுவை அது. தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்தால் ஒருநாளும் வராது, ஏனென்றால் தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. இரண்டாம் முறை கரைத்த சாற்றைத் தனியே ஒரு டம்ளரில் எடுத்து வைத்தேன். அடுத்தது ரூ, இந்தப் படலத்தோடு சேர்த்து ரூ வறுத்தால் படலம் கருகி எல்லாம் கசந்துவிடும்.

ரூ என்பது மைதாவை எண்ணெயில் வறுப்பது. சொல்வதற்கு ஒரே வரி, செய்வதற்கு இருபது நிமிடம். வடித்த கொழுப்போடு எண்ணெய் சேர்த்து 40 கிராம் ஆக்கி, சூடானதும் மைதாவைப் போட்டுக் கிளறத் தொடங்கினேன். இங்கே முன்பு சொன்னதற்கு நேர் எதிர்: கையை எடுக்கவே கூடாது. ஒரு கரும்புள்ளி தெரிந்தாலும் முழுவதையும் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான், அந்தக் கசப்பை எதுவும் மறைக்காது. ஐந்து நிமிடத்தில் பச்சை மாவு வாசனை போகும். பத்தில் லேசான பொன்னிறம். பதினைந்திலிருந்து இருபதுக்குள் வேர்க்கடலை வெண்ணெய் நிறம், வறுத்த கடலை வாசனை. நான் அங்கே நிறுத்தினேன்.

கம்போவுக்கு என்றால் இன்னும் போய் சாக்லேட் நிறம் வரை கொண்டுபோவார்கள். இந்த சூப்புக்கு அது வேண்டாம் என்பது என் முடிவு, இரண்டு காரணம். ரூ கறுக்கக் கறுக்க மாவில் இருக்கும் ஸ்டார்ச் உடைந்து, கெட்டியாக்கும் சக்தி குறையும். இரண்டாவது, உருளைக்கிழங்கு சாதுவான பண்டம். கறுத்த ரூவின் லேசான கசப்புக்கு முன்னால் அது காணாமல் போய்விடும். இன்னொன்று, ரூ இருக்கும் சட்டியிடம் கவனம் தேவை. சமையல்காரர்கள் இதைக் ‘கேஜன் நேபாம்’ என்று, ஒட்டிக்கொண்டு எரியும் போர்க் குண்டின் பெயரால் சொல்வது விளையாட்டுக்கு இல்லை. தெறித்தால் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். குழந்தைகளை அடுப்படிக்கு வெளியே வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

இருபது நிமிடம் நிற்க முடியாதவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: இங்கே கடைகளில் ஜாடியில் அடைத்த ரூ விற்கிறார்கள். வெளியூர்க்காரர்களை ஏமாற்றும் சரக்கு என்று நான் நினைத்திருந்தேன். எங்கள் தளத்தில் இருக்கும், லஃபாயெட்டுக்கு வடக்கே ஓப்பலூசாஸ் ஊர்ப் பக்கத்து அம்மா ஒருவர், எல்லாரும் ‘மிஸ்’ சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள், அவர் வீட்டு அலமாரியிலேயே இரண்டு ஜாடி பார்த்தேன். கேட்டதற்கு, “எனக்கு எழுபது வயசு, ஷா. முழங்காலும் அதே வயசுதான்” என்றார். ‘ஷா’ என்பது இங்கே ‘கண்ணு’ என்பது மாதிரி. கேள்வி அதோடு முடிந்தது.

ரூ நிறம் வந்த நொடியில் நறுக்கி வைத்த வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றையும் கொட்டினேன். டிரினிட்டி என்று இவர்கள் சொல்லும் கூட்டணி இதுதான். பிரெஞ்சுக்காரர்களின் வெங்காயம், செலரி, கேரட் வரிசையில் கேரட் இருந்த இடத்தில் குடைமிளகாய் வந்து உட்கார்ந்திருக்கிறது. காய்களின் ஈரம் ரூவின் சூட்டைச் சட்டென்று இறக்கி, அதற்கு மேல் கறுக்காமல் நிறுத்திவிடும். அதனால் காய்களை முன்பே நறுக்கி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருப்பது கட்டாயம். ரூவை அடுப்பில் விட்டுவிட்டு வெங்காயம் உரிக்கப் போக முடியாது.

முதலில் எல்லாம் சேர்ந்து களி மாதிரி திரண்டு, இது என்னடா என்று தோன்றும். பத்து நிமிடம் கழித்து வெங்காயம் தண்ணீர் விட்டதும் இளகிவிடும். பிறகு மறுபடியும் அடியில் ஒட்டத் தொடங்கும். இப்போது எடுத்து வைத்த அந்தச் சாசேஜ் சாற்றில் ஒரு கரண்டி ஊற்று, சுரண்டு, ஒட்ட விடு. மறுபடி ஒரு கரண்டி. டம்ளர் காலியாகும்போது வெங்காயம் உருத் தெரியாமல் குழைந்து, சட்டி முழுதும் ஒரே பழுப்புத் தொக்காக இருந்தது. இதற்கு மட்டும் இன்னொரு இருபது நிமிடம். கடைசி ஒரு நிமிடத்தில் பூண்டு.

இப்போது காரம். கடையில் விற்கும் கேஜன் மசாலாவில் எனக்கு இருக்கும் பெரிய குறை உப்பு. டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், பொருட்களின் பட்டியலில் பெரும்பாலும் முதலில் நிற்பது உப்புதான். காரம் போதவில்லை என்று இன்னொரு கரண்டி போட்டால் உப்பு ஏறிவிடும். சாசேஜிலும் ஏற்கெனவே உப்பு. எனவே தனித்தனியாகச் சேர்ப்பதே நல்லது: பாப்ரிக்கா இரண்டு தேக்கரண்டி, கருமிளகுத்தூள் ஒன்று, வெண்மிளகுத்தூள் அரை, கெயின் மிளகாய்த்தூள் முக்கால்.

எதற்கு மூன்று காரம் என்று கேட்கலாம். பால் ப்ருடோம் என்ற சமையல்காரரால்தான் கேஜன் சமையல் லூசியானாவுக்கு வெளியே பிரபலமானது. ஓப்பலூசாஸ் பக்கம் 1940இல் 13 பிள்ளைகள் உள்ள விவசாயக் குடும்பத்தில் கடைக்குட்டியாகப் பிறந்தவர். 1979இல் நியூ ஆர்லியன்ஸில் கே-பால்ஸ் உணவகத்தைத் தொடங்கினார். கருமிளகு, வெண்மிளகு, செம்மிளகாய் மூன்றையும் சேர்த்துப் போடுவது அவருடைய கையெழுத்து. ஒன்றை மட்டும் கூட்டினால் காரம் ஒரே இடத்தில் குத்தும். மூன்றாகப் பிரித்தால் வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு இடத்தில் வரும். செய்து பார்த்தால் தெரிகிறது. கருமிளகு நாக்கில் பட்டதும் வாசனையோடு முன்னால் வருகிறது. கெயின் விழுங்கிய பிறகு தொண்டையில் ஏறுகிறது. வெண்மிளகு இரண்டுக்கும் நடுவில் மந்தமாக, மண் வாசனையோடு நிற்கிறது. இரண்டு மிளகும் ஒரே கொடியின் காய்தான். மேல்தோல் நீக்கியது வெண்மிளகு. ஆக, மேற்குத் தொடர்ச்சி மலைக் கொடியும் அமெரிக்கக் கண்டத்து மிளகாயும் இந்தச் சட்டியில் சந்திக்கின்றன. நம் ரசத்திலும் அப்படித்தான் சந்திக்கின்றன, எதிர்த் திசையிலிருந்து.

மிளகாயின் காரம் தண்ணீரைவிடக் கொழுப்பில்தான் நன்றாகக் கரையும். அதனால் தூள்களை ஸ்டாக் ஊற்றுவதற்கு முன்பு, இந்தத் தொக்கில் போட்டு ஒரு நிமிடம் கிளற வேண்டும். வெறும் சூடான ரூவில் போட்டால் பாப்ரிக்கா உடனே கருகும். காய்கள் சூட்டைத் தணித்த பிறகு என்பதால் பயமில்லை.

இந்தியாவில் இருப்பவர்கள் பாப்ரிக்காவுக்குப் பதில் காஷ்மீரி மிளகாய்த்தூளும், கெயினுக்குப் பதில் மல்லி கலக்காத தனி மிளகாய்த்தூளும் போடலாம். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இங்கே ‘சில்லி பவுடர்’ என்று எழுதி விற்பது தனி மிளகாய்த்தூள் இல்லை. அதில் சீரகமும் பூண்டும் ஓரிகானோவும் கலந்திருக்கும். சீரகம் விழுந்தால் சூப் டெக்சஸ் பக்கம் போய்விடும்.

கிழங்குக்கு வருவோம். 700 கிராம் ரஸ்ஸெட், 500 கிராம் சிவப்புத் தோல் கிழங்கு. ரஸ்ஸெட் மாவுக் கிழங்கு. ஸ்டார்ச் அதிகம், வெந்ததும் உதிர்ந்துவிடும், சூப்பைக் கெட்டியாக்குவது அதன் வேலை. சிவப்புக் கிழங்கு மெழுகுத்தன்மை உள்ளது. எவ்வளவு நேரம் வெந்தாலும் துண்டு துண்டாக நிற்கும், கடிப்பதற்கு அது. ஒரே வகையில் செய்தால் ஒன்று கூழாகும், இல்லாவிட்டால் தண்ணீரில் மிதக்கும் துண்டுகளாக இருக்கும். ரஸ்ஸெட்டைத் தோல் சீவி ஒன்றரை சென்டிமீட்டர் துண்டுகளாகவும், சிவப்பைத் தோலோடு அதைவிடப் பெரிதாகவும் வெட்டினேன். வெட்டிய பிறகு கழுவக் கூடாது. வறுவலுக்குக் கழுவுவது சரி, மேலே இருக்கும் ஸ்டார்ச் போனால்தான் மொறுமொறுப்பு வரும். இங்கே அந்த ஸ்டார்ச் நமக்குத் தேவை.

நேராக ஸ்டாக்கை ஊற்றிவிடாமல், கிழங்கைத் தொக்கில் புரட்டி, தீயைக் குறைத்து, மூடி போட்டு எட்டு நிமிடம் விட்டேன். இடையில் மூன்று முறை கிளறல். ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும் அடியில் புதிதாக ஒட்டியிருக்கும். மூடியில் கோத்த நீரே கரைக்கப் போதுமானது, சுரண்டினால் வந்துவிடும். ஸ்மதர்ட் பொட்டேட்டோஸ் என்று முன்னால் சொன்னதன் உயிர் இந்த எட்டு நிமிடம்தான். கிழங்கின் ஓரங்கள் மசாலாவைக் குடித்து, லேசாகக் கரைந்து, செங்காவி நிறத்துக்கு வந்தன. இந்த இடத்தில் அடுப்பை அணைத்துவிட்டுச் சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ளலாமா என்ற சபலம் வந்தது, உண்மை.

ஸ்டாக்கைச் சூடாக்கி, ஒரு கரண்டி, இரண்டு கரண்டி என்று கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் ரூ கட்டி தட்டும். பாதி ஊற்றி ஒரே சீராகக் கலந்ததும் மீதியை ஊற்றி, தைம், பிரிஞ்சி இலை போட்டு, தளதளவென்று கொதிக்காமல் சின்னக் குமிழ் வரும் அளவில் 25 நிமிடம். பதினைந்தாவது நிமிடத்தில் வறுத்த சாசேஜ் உள்ளே போனது. தக்காளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் இப்போது கூடாது. புளிப்பு சேர்ந்தால் கிழங்கு மெத்தென்று ஆக அடம்பிடிக்கும். வெந்த பிறகுதான் புளிப்பைக் கிட்டே விட வேண்டும்.

வெந்ததும், மரக்கரண்டியின் பின்பக்கத்தால் ரஸ்ஸெட் துண்டுகளைச் சட்டியின் ஓரத்தில் அழுத்தி நசுக்கினேன். மூன்றில் ஒரு பங்கு நசுங்கினால் போதும். மிக்ஸியோ கைப் பிளெண்டரோ வேண்டவே வேண்டாம். வெந்த கிழங்கின் செல்கள் கத்தியில் கிழிபட்டால் உள்ளே ஊதியிருக்கும் ஸ்டார்ச் மொத்தமும் வெளியே வந்து, போஸ்டர் ஒட்டும் பசைதான் கிடைக்கும். கையால் நசுக்கும்போது பெரும்பாலான செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுமே தவிர உடையாது.

அடுப்பை அணைத்து, இரண்டு நிமிடம் பொறுத்து, க்ரீம். கெட்டி க்ரீமில் 36 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு இருப்பதால் சூட்டுக்கு எளிதில் திரியாது. பால் ஊற்றுகிறவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 100 மில்லி என்பது காரத்தின் முனையை மழுக்க மட்டும். அதற்கு மேல் ஊற்றினால் இவ்வளவு நேரம் சட்டியின் அடியில் உண்டாக்கிய நிறமும் மணமும் வெளுத்துப்போகும். சீஸ் போடவில்லை, இனியும் போடுவதாக இல்லை. செடார் போட்டால் எல்லா சூப்பும் செடார் சூப். உப்பு கடைசியில்தான் பார்த்தேன். சாசேஜ் கொடுத்த உப்புக்கு மேல் முக்கால் தேக்கரண்டி தேவைப்பட்டது.

சைவத்துக்கு மாற்ற முடியுமா என்றால், முடியும், வேலை கொஞ்சம் கூடும். பட்டன் காளான் 400 கிராமைத் தடிமனாக நறுக்கி, உப்பு போடாமல், சாசேஜை வறுத்த மாதிரியே பரப்பி, தண்ணீர் முழுதும் வற்றி அடியில் ஒட்டும்வரை விட வேண்டும். காளானும் நல்ல படலம் கொடுக்கும். புகை வாசனைக்குச் சாதாரண பாப்ரிக்காவுக்குப் பதில் புகையிட்ட பாப்ரிக்கா. ஸ்டாக்குக்கு, காளான் தண்டு, வெங்காயத் தோல், செலரி இலை எல்லாம் போட்டுக் கொதித்த தண்ணீர். சோயா சாஸ் ஒரு தேக்கரண்டி சேர்த்தால் கறியின் இடத்தை ஓரளவு நிரப்பும்; லூசியானாவில் யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை, ஆனால் வேலை செய்கிறது.

கிண்ணத்தில் ஊற்றி, வெங்காயத்தாளைத் தூவி, மேலே நாலு சொட்டு டபாஸ்கோ. இங்கிருந்து தென்மேற்கே ஏவரி ஐலண்டில் மெக்கில்ஹென்னி குடும்பம் 1868 முதல் செய்துவரும் சாஸ் அது. மிளகாயும் உப்பும் அரைத்து ஓக் மரப் பீப்பாயில் ஊறவைத்து வினிகர் சேர்ப்பது. அதில் நான் தேடுவது காரத்தைவிடப் புளிப்பை. கிழங்கு, கொழுப்பு, க்ரீம் எல்லாம் சேர்ந்த கனத்தை அந்த வினிகர்தான் கொஞ்சம் தூக்கிவிடுகிறது. சட்டியில் ஊற்றாமல் அவரவர் கிண்ணத்தில் ஊற்றிக்கொள்வது நல்லது, கொதித்தால் அந்தப் புளிப்பின் கூர்மை போய்விடும்.

தளத்து மிஸ்ஸுக்கு ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு எழுந்துபோய், குக்கரிலிருந்து ஒரு கரண்டி சோறு எடுத்து வந்து அதில் போட்டுக்கொண்டார். “நல்லாருக்கு. ஆனா தண்ணி பாதியாக் குறைச்சிருந்தா இன்னும் நல்லாருந்திருக்கும்” என்று தீர்ப்பு. அவர்கள் வீட்டில் பொட்டேட்டோ ஸ்டூவைச் சோற்றின் மேல்தான் ஊற்றிச் சாப்பிடுவார்களாம். சோற்றுக்குக் கிழங்குக் குழம்பு ஊற்றி வளர்ந்த எனக்கு அதில் ஆட்சேபம் சொல்ல எதுவும் இல்லை. ஸ்டாக்கை 700 மில்லியாகக் குறைத்து, க்ரீமை விட்டுவிட்டால் அதுவும் ஆயிற்று.

மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் கரண்டி நிற்கும் அளவுக்கு இறுகியிருக்கும், பயப்பட வேண்டாம். அரை கப் ஸ்டாக் ஊற்றி மெல்லிய தீயில் சூடாக்கினால் பழைய பதத்துக்கு வரும். காரம் முதல் நாளைவிடச் சற்றுத் தூக்கலாக இருக்கும், சின்னப் பிள்ளைகள் இருந்தால் அதற்கேற்ப முதலிலேயே கெயினைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரீசரில் வைப்பதானால் க்ரீம் சேர்ப்பதற்கு முன்பே எடுத்து வைக்க வேண்டும். சேர்த்த பிறகு உறைய வைத்தால் உருகும்போது பிரிந்து நிற்கும். கிழங்கும் எப்படியும் கொஞ்சம் மணல் மணலாகத்தான் ஆகும், ஆகவே நான் இரண்டு நாளில் தீர்த்துவிடுகிறேன்.

அடுத்து வசந்த காலத்தில், க்ராஃபிஷ் மலிவாக வரும்போது, அண்டாவில் மிஞ்சும் சிவப்புக் கிழங்கை வைத்து இதையே செய்வதாக இருக்கிறேன். அந்தக் கிழங்கு ஏற்கெனவே உப்பும் கெயினும் குடித்து வெந்திருக்கும். எனவே மூடி போட்டுப் புரட்டும் எட்டு நிமிடம் அதற்குத் தேவைப்படாது, ரஸ்ஸெட்டுக்கு மட்டும் போதும். தூள்களைப் பாதியாகக் குறைத்து, வெந்த கிழங்கைக் கடைசி ஐந்து நிமிடத்தில் போட்டு, உப்பைத் தொடாமல் ருசி பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.